சிமெண்டுக்கு மாற்றாகக் களிமண், சூளைப்பொடி, உமிச்சாம்பல்: சூடாக்கி எடைபோட்டுப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் சிவில் படிக்கும் பிள்ளைகள், தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளைக்காரர்கள், கடற்கரையில் வீடு கட்டப்போகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. எனக்கு இதில் வலுவான கருத்து ஒன்று உண்டு: எந்தப் பொடியையும் அதன் நிறத்தையோ பெயரையோ நம்பி சிமெண்டில் கலக்காதீர்கள், சூடாக்கி எடைபோட்டுப் பார்த்துவிட்டுக் கலக்குங்கள். கீழே இருப்பதெல்லாம் அதற்கான விளக்கம்தான்.

வெப்பப் பகுப்பாய்வு என்றால் என்ன, சுருக்கமாகச் சொல்லுங்கள்?

தேங்காயைப் பிளந்து வெயிலில் போட்டால் எடை குறைகிறது, எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரிந்துவிடும், கொப்பரை வியாபாரிக்கு அது அத்துப்படி. டிஜிஏ, அதாவது வெப்ப எடைப் பகுப்பாய்வுக் கருவி செய்வதும் அதுதான். ஒரு சின்ன கிண்ணத்தில் இருபது, முப்பது மில்லிகிராம் பொடியை வைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி என்று சீராக 1000 டிகிரி வரை சூடாக்கிக்கொண்டே எடையை ஒரு வளைகோடாகப் பதிவு செய்கிறது, கீழே வளைவு என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு பொருளும் தன்னிடம் இருக்கும் தண்ணீரையோ கரியமில வாயுவையோ தனக்கே உரிய வெப்பநிலையில்தான் விடும், அதனால் எந்த டிகிரியில் எவ்வளவு எடை போனது என்று பார்த்தால் உள்ளே என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிடலாம்.

டிஎஸ்சி, டிடிஏ என்று கேள்விப்படுவது இதன் உடன்பிறப்பு. அது எடையைப் பார்க்காது, பொருள் வெப்பத்தை உறிஞ்சுகிறதா வெளியிடுகிறதா என்று பார்க்கும். இரண்டும் ஒரே கருவியில் சேர்ந்து வருவது இப்போது சகஜம். எடை மாறாமல் உள்ளமைப்பு மட்டும் மாறும் இடங்களில் டிஎஸ்சி இல்லாமல் ஒன்றும் தெரியாது.

இது புதிய வித்தை இல்லை. பிரான்சில் லெ ஷாட்டெலியே 1887-லேயே களிமண்ணைச் சூடாக்கி அது எங்கே எப்படி மாறுகிறது என்று அளந்தார், சிமெண்டின் வேதியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர். சூடாக்கிக்கொண்டே எடைபோடும் தராசை ஜப்பானில் கொதாரோ ஹோண்டா 1915-ல் செய்தார்.

சிமெண்டையே போட்டுவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தப் பாடு?

ஒரு டன் கிளிங்கர், அதாவது அரைத்துச் சிமெண்டாக்கும் சுட்ட கட்டி, சுட்டால் ஏறக்குறைய 0.8 முதல் 0.9 டன் கரியமில வாயு வெளியேறுகிறது, அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் உடைவதால் வருவது, எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. ஆகவே கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி. அப்புறம், உப்புக்காற்று அடிக்கும் ஊரில் மாற்றுப்பொருள் சரியாகக் கலந்த கான்கிரீட் கம்பியை நன்றாகக் காக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக் களிமண் எல்சி3 சிமெண்டுக்கு ஆகுமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். எல்சி3 என்பது பொதுவாக 50 பங்கு கிளிங்கர், 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுண்ணாம்புக்கல் பொடி, 5 பங்கு ஜிப்சம். இந்தியாவில் இதற்கு ஐஎஸ் 18189 என்ற தரநிலை 2023-ல் வந்தது. களிமண்ணில் குறைந்தது 40 சதவீதமாவது கயோலினைட் இருந்தால் நல்லது என்பது பொதுவாக எல்லோரும் ஏற்கும் அளவு. கயோலினைட் சுடும்போது மெட்டாகயோலின் ஆகிறது, அதுதான் சுண்ணாம்போடு வினைபுரியும் சரக்கு.

எவ்வளவு கயோலினைட் இருக்கிறது என்று கண்டுபிடிக்க டிஜிஏ மாதிரி நேரான வழி வேறில்லை. சுத்தமான கயோலினைட் 400-லிருந்து 600, 650 டிகிரிக்குள் தன் எடையில் 13.96 சதவீதத்தைத் தண்ணீராக விடும். உங்கள் மண் 105 டிகிரியில் உலர்ந்த பிறகு 20 மில்லிகிராம், 400-க்கும் 600-க்கும் நடுவில் 1.24 மில்லிகிராம் போனது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 6.2 சதவீதம். அதை 7.16-ஆல் (100-ஐ 13.96-ஆல் வகுத்தால் வருவது) பெருக்கினால் 44.4. ஆக அந்த மண்ணில் கயோலினைட் ஏறக்குறைய 44 சதவீதம், முயற்சி செய்து பார்க்கத் தகுந்த மண்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இல்லைட், மாண்ட்மோரில்லோனைட் போன்ற மற்ற களிமண் கனிமங்களும் 450 முதல் 700 டிகிரி வரை தண்ணீர் விடும், அவை கலந்திருந்தால் உங்கள் கணக்கு கூடுதலாகக் காட்டும். மாண்ட்மோரில்லோனைட் இருந்தால் 100, 150 டிகிரியிலேயே நிறைய எடை போயிருக்கும், அதைப் பார்த்தாவது சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிரால் படிகங்களை அடையாளம் காணும் சோதனை, எடுத்து உறுதி செய்யுங்கள்.

வெள்ளைக் களிமண்தான் வேண்டும் என்று நினைத்து எல்லை தாண்டித் தோன்னக்கல் பக்கம் கயோலின் விலை விசாரிக்கிறார்கள் சிலர். பீங்கானுக்கும் காகிதத்துக்கும் ஆகும் சுத்தமான கயோலின் சிமெண்டுக்குத் தேவையே இல்லை, மணலும் இரும்பும் கலந்த மட்டமான மண்ணே போதும், விலையும் கட்டுப்படியாகும். குளத்து மண் என்றால் முறையான அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

எங்கள் மண் சிவப்பாக இருக்கிறதே?

மேற்குப் பக்கம், கல்குளம், விளவங்கோடு பகுதியில் செம்மண்ணும் சரளை மண்ணும் சாதாரணம். சிவப்பு இரும்பால் வருவது, அதனால் வலிமை கெடாது, பூச்சின் நிறம்தான் மாறும். வளைவில் 220 முதல் 350 டிகிரிக்குள் ஒரு இறக்கம் தெரிந்தால் அது கிப்சைட் என்ற அலுமினியக் கனிமமோ கோயெதைட் என்ற இரும்புக் கனிமமோ, மழை அதிகம் பெய்து கழுவிய மண்ணில் இவை வரும். அந்த இறக்கத்தைக் கயோலினைட் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மொத்தமாக 1000 டிகிரி வரை எவ்வளவு போனது என்று ஒரே எண்ணை எடுத்து அதை 7.16-ஆல் பெருக்கிவிட்டு '80 சதவீதம் கயோலினைட்' என்று புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள், அது தப்பு.

டிஜிஏ கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. மஃபிள் ஃபர்னஸ் இருக்கிறது, போதுமா?

முதற்கட்டமாகச் சலித்தெடுக்கத் தாராளமாகப் போதும். பத்து கிராம் மண்ணைப் பொடித்து 200 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை வையுங்கள், ஆறவிட்டு எடைபோடுங்கள், பிறகு 400, பிறகு 600, ஒவ்வொன்றிலும் எடை நிலைக்கும்வரை. 400-க்கும் 600-க்கும் இடையே போன எடைதான் உங்களுக்கு வேண்டியது. நான்கு தசமத் தராசு இருந்தால் கணக்கு மோசமில்லை. ஆறவைக்கும்போது டெசிகேட்டருக்குள், அதாவது ஈரம் புகாத மூடிய பாத்திரத்துக்குள், வைக்க மறக்காதீர்கள், நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்குச் சூடான களிமண் பொடி எடைபோடுவதற்குள்ளேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மண்ணில் வேர், இலை மக்கு இருந்தால் அது 200 முதல் 500 வரை எரிந்து கணக்கைக் குழப்பும், அப்படிப்பட்ட மேல்மண்ணை எடுக்கவே வேண்டாம்.

எத்தனை டிகிரியில் சுட வேண்டும், சரியாகச் சுட்டதா என்று எப்படித் தெரியும்?

700 முதல் 850 டிகிரிக்குள் பொதுவாக. உங்கள் மண்ணுக்கு எது என்று வளைவே சொல்லும், கயோலினைட் இறக்கம் எங்கே முடிகிறதோ அதற்கு நூறு டிகிரி மேலே வைத்துக்கொள்ளலாம். சுட்ட பிறகு அதே பொடியைத் திரும்ப டிஜிஏ-வில் ஓட்டுங்கள். முதலில் 6.2 சதவீதம் போன இடத்தில் இப்போது 0.31 மட்டும் போனால் 95 சதவீதம் மாறிவிட்டது என்று அர்த்தம். 2 சதவீதம் போனால் உள்ளே இன்னும் பச்சை மண் கிடக்கிறது.

சூளையில் உடைந்த செங்கல், ஓடு மலைபோல் கிடக்கிறது. அரைத்துச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், நம் முன்னோர் சேர்த்திருக்கிறார்கள். சுட்ட செங்கற்பொடியைச் சுர்க்கி என்று சொல்லிச் சுண்ணாம்போடு கலந்து அணையே கட்டினார்கள், 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்தால் ஆனது. ஆனால் எல்லாச் செங்கல்லும் ஒன்றல்ல, ஒரே சூளையில் நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் வேறுவேறு சூட்டைப் பார்த்தவை. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதைப் பிரித்துச் சொல்வதுதான்.

வேகாத செங்கல்லை அரைத்து ஓட்டினால் 450 முதல் 650 டிகிரியில் இறக்கம் தெரியும், கயோலினைட் இன்னும் உடையவில்லை. நன்றாக வெந்தது என்றால் அங்கே கோடு தட்டையாக இருக்கும். அதிகம் வெந்து கறுத்துக் கண்ணாடி மாதிரி ஆன செங்கல்லிலும் அதே தட்டைக் கோடுதான் வரும், ஆக எடையை மட்டும் பார்த்தால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது. இங்கேதான் டிஎஸ்சி கைகொடுக்கிறது. மெட்டாகயோலின் 980 டிகிரி வாக்கில் உடைந்து முல்லைட் என்ற படிகத்தின் பக்கம் போகும்போது வெப்பத்தை வெளியிடும், வளைவில் ஒரு சின்ன கூர்முனை எழும்பும். இரும்பு, ஃபெல்ட்ஸ்பார் கலந்த சாதாரண மண்ணில் அது கொஞ்சம் கீழே இறங்கி மழுங்கியும் வரலாம். அந்த முனை இருந்தால் பொடிக்குள் இன்னும் உயிர் இருக்கிறது. முனையே இல்லை, 500-லும் ஒன்றும் இல்லை, பச்சை மண்ணில் மட்டும் முனை நன்றாக இருந்தது என்றால் செங்கல் அந்தச் சூட்டைத் தாண்டிவிட்டது, அதை ஜல்லிக்குப் பதிலாக வேண்டுமானால் போடுங்கள், சிமெண்டுக்குப் பதிலாகப் போடாதீர்கள். எனவே சூளைக்காரர்களுக்கு நான் சொல்வது: உடைசலை ஒரே குவியலாகக் குவிக்காமல் வேகாதது, வெந்தது, கறுத்தது என்று மூன்றாகப் போடுங்கள், மூன்றிலும் தனித்தனியாக மாதிரி எடுத்து வாருங்கள்.

வளைவில் 573 டிகிரியில் ஒரு குட்டிப் பள்ளம் எப்போதும் தெரியும், அது மணல், அதாவது குவார்ட்ஸ் உருமாறுவது, எடை மாறாது. பயப்பட வேண்டாம்.

உமிச்சாம்பல்? நாஞ்சில் நாட்டு மில்களில் சும்மாவே கிடைக்கிறது.

உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. 700 டிகிரிக்குக் கீழே பக்குவமாக எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற வடிவில் நின்று நன்றாக வினைபுரியும், மேலே போனால் கிரிஸ்டோபலைட் என்ற படிகமாகிச் சோம்பிப் போகும்.

கறுப்புச் சாம்பல் மட்டம், வெள்ளைச் சாம்பல் உசத்தி என்று ஒரு நம்பிக்கை. கறுப்பு என்றால் கரி மிச்சம், அதைக் காற்று ஓட்டத்தில் டிஜிஏ செய்தால் 400 முதல் 650, 700 வரை எரிந்து போகும் எடையாகத் துல்லியமாக அளக்கலாம். வெள்ளையாக இருப்பது அதிகச் சூட்டில் வெந்து படிகமாகிப் போனதாகவும் இருக்கலாம், அப்போது அது வெறும் மாவு. டிஜிஏ இதைக் காட்டாது. டிஎஸ்சி-யில் 200 முதல் 270 டிகிரிக்குள் கிரிஸ்டோபலைட் உருமாறும் சின்ன முனை தெரியலாம், ஆனால் எக்ஸ்ஆர்டி எடுப்பதே பாதுகாப்பு.

பிளை ஆஷ்?

அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து வரும் நைசான சாம்பல் இது, நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடி அனல் மின்நிலையம். ஐஎஸ் 3812 முதல் பகுதிப்படி எரிப்பிழப்பு, அதாவது சுட்டால் போகும் எடை, 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணில் கரி மட்டும் இல்லை, ஈரமும் கார்பனேட்டும் சேர்ந்திருக்கும். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் முதலில் நைட்ரஜனில் சூடாக்குங்கள், பிறகு காற்றுக்கு மாற்றுங்கள், மாற்றியதும் சரியும் எடைதான் கரி. கரி அதிகமானால் அது கான்கிரீட்டை இளக்கமாக்கப் போடும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற மருந்தைக் குடித்துவிடும், தளத்தில் மேஸ்திரி 'வேலை ஓடல' என்று தண்ணீரை ஊற்றுவார், வலிமை போய்விடும்.

இரும்பு உருக்கும் ஊதுலைக் கசடு நம் ஊரில் கிடைப்பதில்லை என்பதால் ஒரே வரி: அதைக் காற்றில் ஓட்டினால் உள்ளிருக்கும் சல்பைடு ஆக்சிஜனைப் பிடித்து எடை கூடும், கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் சிப்பி ஓடு குவிந்து கிடக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்குப் பதிலாகுமா?

கழுவி அரைத்தால் ஆகும். வளைவில் 250 முதல் 450 வரை ஒரு சின்ன இறக்கம், அது ஓட்டுக்குள் இருக்கும் உயிர்ப்பொருள். பிறகு 600 முதல் 800 வரை பெரிய இறக்கம், அது கரியமில வாயு. சுத்தமான கால்சியம் கார்பனேட் 44 சதவீதம் இழக்கும், உங்களுடையது 42 இழந்தால் 42-ஐ 2.27-ஆல் பெருக்கி ஏறக்குறைய 95 சதவீதம் கார்பனேட் என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவமான அரகோனைட் இன்னொரு வடிவமான கால்சைட்டாக மாறுவதை எடை காட்டாது, பொருட்படுத்தவும் வேண்டாம். கடல் உப்புதான் கவலை, குளோரைடு சோதனை செய்யாமல் கம்பி போட்ட கான்கிரீட்டில் சேர்க்காதீர்கள்.

கலந்த பிறகு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது, போர்ட்லண்டைட் என்போம். நல்ல மாற்றுப்பொருள் அதைத் தின்று கெட்டியான சி-எஸ்-எச், அதாவது கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் கூழாக மாற்றும். ஆகவே 7, 28, 90 நாட்களில் எடுத்த மாதிரிகளில் போர்ட்லண்டைட் குறைகிறதா என்று பார்த்தால் போதும். அது 400 முதல் 480 டிகிரிக்குள் தண்ணீர் விடும், அந்த எடை இழப்பை 4.11-ஆல் பெருக்க வேண்டும். இழப்பு 3 சதவீதம் என்றால் போர்ட்லண்டைட் 12.3.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். 30 சதவீத சிமெண்டை எடுத்துவிட்டால் போர்ட்லண்டைட் எப்படியும் குறையத்தானே செய்யும்? வெறும் சிமெண்டில் 20 இருந்தது, கலவையில் 14 வந்தது, 'பொடி 6 பங்கு தின்றுவிட்டது' என்று எழுதினால் தவறு, 20-ல் 70 சதவீதம் 14-தான், பொடி ஒன்றையும் தொடவில்லை. 9 வந்திருந்தால் 5 பங்கு தின்றது என்று சொல்லலாம். அதைவிட நல்ல வழி, அதே நைசாக அரைத்த மணல் பொடியை 30 சதவீதம் போட்டு ஒரு கலவை செய்து, அதோடு ஒப்பிடுவது. மணல் வினைபுரியாது, ஆனால் பொடி இருப்பதாலேயே சிமெண்ட் கொஞ்சம் வேகமாக வினைபுரியும், அந்த விளைவும் கழிந்துவிடும்.

இன்னொன்று, எல்லாக் கணக்கையும் 100 கிராம் உலர் சரக்குக்கு இவ்வளவு என்று மாற்றி எழுதுங்கள். வயது கூடக்கூடப் பிணைந்த தண்ணீர் கூடும், மொத்த எடைக்குச் சதவீதம் போட்டால் வெவ்வேறு வயதுகளை ஒப்பிடவே முடியாது.

அவசரம் என்றால் ஆர்3 என்ற சோதனை இருக்கிறது, ஏஎஸ்டிஎம் சி1897 என்ற அமெரிக்கத் தரநிலையில் உள்ளது. சிமெண்டே இல்லாமல் பொடியையும் சுண்ணாம்பையும் 1-க்கு 3 என்று, கொஞ்சம் கார, சல்ஃபேட், கார்பனேட் உப்புகளோடு பிசைந்து 40 டிகிரியில் 7 நாள் வைத்து, வெளியான வெப்பத்தை அளக்கலாம். கலோரிமீட்டர் இல்லையென்றால் அதே கலவையை உலர்த்தி 350 டிகிரியில் சூடாக்கிப் பிணைந்த தண்ணீரை எடைபோடலாம், அதற்கு ஃபர்னஸும் தராசும் போதும்.

மாதிரியை எப்படித் தயார் செய்வது? மழைக்காலத்தில் எண்கள் தாறுமாறாக வருகின்றன.

நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை, வருடத்தில் பாதி நாள் காற்றே ஈரம். உடைத்துப் பொடித்த சிமெண்ட் மாதிரியைத் திறந்து வைத்தால் போர்ட்லண்டைட் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக் கார்பனேட் ஆகிவிடும், ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக. குறித்த நாளில் மாதிரியைச் சின்னத் துண்டுகளாக உடைத்து ஐசோப்ரோப்பனாலில் ஊறவையுங்கள், வினை நின்றுவிடும். பிறகு வடிகட்டி, ஈதரால் கழுவி, 40 டிகிரியில் சில நிமிடம் உலர்த்தி, இறுக மூடி டெசிகேட்டரில் வைத்து, சீக்கிரமே ஓட்டிவிடுங்கள். அடுப்பில் 105-ல் இரவு முழுக்க உலர்த்தாதீர்கள், சிமெண்ட் வினையில் உண்டாகும் எட்ரிஞ்சைட் என்ற சேர்மம் செத்துவிடும், அதன் முனை 100 டிகிரியை ஒட்டித்தான் வரும்.

கார்பனேட் ஆகிவிட்டது என்று தெரிந்தால் 600-க்கு மேல் போன கரியமில வாயு எடையை 1.68-ஆல் பெருக்கிப் போர்ட்லண்டைட்டில் திருப்பிச் சேர்க்கலாம், ஆனால் சிமெண்டில் முதலிலேயே இருந்த சுண்ணாம்புக்கல்லைக் கழித்துவிட்டு. எல்சி3 மாதிரியில் 15 பங்கு சுண்ணாம்புக்கல்லே இருப்பதால் அந்தத் திருத்தம் நடைமுறையில் நம்பத் தகுந்ததாக இருக்காது, அங்கே மாதிரியைக் காப்பது ஒன்றே வழி.

கருவியில் என்ன செட்டிங்?

அலுமினா கிண்ணம், நிமிடத்துக்கு 10 அல்லது 20 டிகிரி, நைட்ரஜன் நிமிடத்துக்கு 50 மில்லி. அலுமினியக் கிண்ணம் 660 டிகிரியில் உருகிவிடும், அதை இதற்குப் போடவே போடாதீர்கள். எந்த வேகம், எந்த வாயு, எவ்வளவு எடை என்று எடுத்தாலும் எல்லா மாதிரிக்கும் அதையே வையுங்கள், வேகம் மாறினால் முனைகள் நகரும். வெறும் கிண்ணத்தை ஒருமுறை ஓட்டி அந்தக் கோட்டைக் கழியுங்கள். கருவி சரியா என்று பார்க்கக் கால்சியம் ஆக்சலேட் ஓட்டிப் பாருங்கள், 12.3, 19.2, 30.1 சதவீதம் என்று மூன்று படி வர வேண்டும்.

கடலோர வீடுகளில் கம்பி துருப்பிடிப்பதற்கு இதில் ஏதாவது தெரியுமா?

முட்டத்திலும் குளச்சலிலும் சன்ஷேடு வெடித்துக் கம்பி தெரிவதைப் பார்க்காதவர் கிடையாது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுவதுதான் காரணம். மெட்டாகயோலின் போல அலுமினா அதிகமுள்ள பொருள் சேர்த்தால் குளோரைடில் ஒரு பகுதி ஃப்ரீடல் உப்பு என்ற சேர்மமாகக் கட்டுண்டு நிற்கும், நுண்துளைகளும் சிறுத்துவிடும். உப்புநீரில் ஊறிய மாதிரியை ஓட்டினால் 230 முதல் 400 டிகிரிக்குள் ஃப்ரீடல் உப்பின் இறக்கம் தெரியும், ஊறாத மாதிரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே புலப்படும்.

மறுபக்கமும் உண்டு. போர்ட்லண்டைட் குறைந்த கான்கிரீட்டில் காற்றின் கரியமில வாயு வேகமாக உள்ளே இறங்கும். அதனால் கவர், அதாவது கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் கனம், ஒழுங்காக வைத்து, ஏழு நாளோடு நிறுத்தாமல் தண்ணீர் காட்டுவது இத்தகைய சிமெண்டுக்குக் கட்டாயம்.

டிஜிஏ ரிப்போர்ட் நன்றாக இருந்தால் வலிமையும் வருமா?

தெரியாது, கியூப் உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். எவ்வளவு நைசாக அரைத்தீர்கள், எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதெல்லாம் வளைவில் வராது. உடைக்க லாயக்கில்லாத பொடியை முன்னாடியே ஒதுக்க வளைவு உதவும்.

எங்கே அனுப்புவது, என்ன எழுதி அனுப்புவது?

திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் சிஎஸ்ஐஆர் ஆய்வகம் இருக்கிறது, காரைக்குடியிலும் சென்னையிலும் உண்டு, கருவி உள்ள பல்கலைக்கழகங்களிலும் விசாரிக்கலாம். 'டிஜிஏ செய்து தரவும்' என்று மட்டும் எழுதினால் ஒரு படம் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. என்ன பொருள், எங்கே எடுத்தது, எத்தனை டிகிரியில் சுட்டது, நைட்ரஜனா காற்றா, எந்த டிகிரி வரை, டிஎஸ்சி-யும் வேண்டுமா என்று எழுதுங்கள். களிமண்ணுக்கும் செங்கற்பொடிக்கும் 1050 வரை கேளுங்கள், இல்லாவிட்டால் 900-லேயே நிறுத்திவிட்டு அந்த 980 முனையைத் தவறவிடுவார்கள். படத்தோடு சேர்த்து எண்கள் உள்ள கோப்பையும் கேட்டு வாங்குங்கள், கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.

பணம் ஒரே ஒரு சோதனைக்குத்தான் இருக்கிறது என்றால், சுடாத பச்சைக் களிமண்ணை அனுப்புங்கள். அதில் கயோலினைட் இல்லையென்றால் சுட்டும் பயனில்லை, அந்த விறகுச் செலவு மிச்சம்.